மகளோடு நிற்க ஒரு சொல்

லிதுவேனியா என்று ஒரு நாடு இருப்பதே என் மகளும் மாப்பிள்ளையும் அங்கே வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த நாட்டு மொழியில் நான் முதலில் கற்றுக்கொண்டது வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. ‘சு’. தமிழில் எழுதினால் ஒற்றை எழுத்து. ‘அம்மாகூட வந்தேன், அண்ணன்கூடப் போனேன்’ என்கிறோமே, அந்தக் ‘கூட’தான் அது. நாம் ஆளுக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் ஆளுக்கு முன்னால் வைக்கிறார்கள். துக்ரா என்றால் மகள். ‘சு துக்ரா’ என்றால் மகள்கூட.

ஆசைப்பட்டுப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். வீம்பில் படித்தேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு புது பாஷை எதற்கு, போனில் பேசினால் அதுவே மாற்றிச் சொல்கிறதே என்று கேட்டவர்கள் உண்டு. மகள் பிரசவத்துக்குப் போய் ஆஸ்பத்திரி வாசலில் போனை நீட்டிக்கொண்டு நிற்க எனக்கு மனமில்லை. நீ யார், இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டால் அதை என் வாயால் நானே சொல்ல வேண்டும். அந்த ஒரு வேலைக்காகப் படித்தேன்.

நான் நகரிக்காரி. அரசு பஸ்ஸில் கண்டக்டர். நகரியில் கிளம்பி புத்தூர், வடமாலைப்பேட்டை வழியாகத் திருப்பதி, பிறகு அதே வழியில் திரும்ப நகரி. என் கணவர் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய வேலைக்குப் பதிலாக எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். கருணை அடிப்படையில் என்றார்கள். கருணையாவது ஒன்றாவது. மே மாத வெயிலில் மலைக்குப் போகிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று டிக்கெட் கிழித்துப் பார்த்தால் தெரியும், யார் யாருக்குக் கருணை காட்டுகிறார்கள் என்று.

சேர்ந்த புதிதில் எங்கள் வண்டிக்கு ஒரு டிரைவர் இருந்தார். காலை முதல் டிரிப்பில் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த சாமி படத்தையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாலி இல்லாத கழுத்து முதல் டிரிப்புக்கு ஆகாதாம். நான் வேண்டுமென்றே முன்பக்கம் போய், அவர் காதுக்குப் பக்கத்தில் நின்று ‘ரைட்’ என்பேன். நான் ரைட் சொல்லாமல் வண்டி நகராது. அவர் எத்தனை சாமியைப் பார்த்தாலும் அது நகராது. கடைசியில் மனிதர் வேறு டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது இருக்கிற டிரைவர் தெலுங்குக்காரர், சரியான கிண்டல்காரர், என்னை அக்கா என்பார். வெள்ளிக்கிழமைகளில் டயருக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழத்தை என் கையிலிருந்துதான் வாங்குவார்.

கண்டக்டர் வேலை என்பதே யார் யார்கூட என்று பார்க்கிற வேலைதான். முன்பெல்லாம் ஒரு பெண் முன்பக்கமாக ஏறி உட்காருவாள். டிக்கெட் என்றால், “வெனக ஆயன உன்னாரு” என்று பின்னால் கையைக் காட்டுவாள். பின்னால் அவர் இருக்கிறார், அவர் எடுப்பார் என்று அர்த்தம். எந்த அவர் என்று நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு பின்னால் போய்த் தேட வேண்டும். அவரோ தூங்கிக்கொண்டிருப்பார். இப்போது பெண்களுக்கு இலவசம் வந்துவிட்டது. ஆதார் கார்டைக் காட்டினால் காசில்லாமல் அவளவள் பேருக்கு ஒரு டிக்கெட். பின்னால் கையைக் காட்டுகிற வழக்கம் பாதிக்கு மேல் போய்விட்டது. டிக்கெட்டை வாங்கி, திருப்பிப் பார்த்து, ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்கிற கிழவிகளைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இப்படி நான் ஊரார் ஜோடி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் போனில் முழுகாமல் இருக்கும் சேதியைச் சொன்னாள். திருப்பதி பஸ் ஸ்டாண்டில், வண்டிக்குப் பின்னால் நின்று, யாரும் பார்க்காமல் அழுதேன். எங்கள் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஆனால் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விமானம் ஏறவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மகள் தாய் வீட்டுக்கு வர முடியாது என்றால் தாய்தான் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மற்றவர்களுக்கு இருந்தது. அவர்கள் குடியிருப்பது கௌனஸ் என்கிற ஊரில் ஒற்றை அறை வீடு. பெரியவர் ஒருவர் வந்து தங்கத்தான் இடம். ஆஸ்பத்திரியிலும் பிரசவ அறைக்குள் கூட இருக்க ஒருவரைத்தான் விடுவார்கள். மாப்பிள்ளையே இருக்கலாம். அவர் கோழி வெட்டினாலே கொல்லைப்பக்கம் போய்விடுகிறவர். “அத்தை, நான் உள்ள நின்னா என்னையும் சேத்துப் பாக்கணும் அவங்க” என்று தானே ஒத்துக்கொண்டார். ஆக, ஒரே ஒரு பெண்பிள்ளை போகலாம். நானா, சித்தூரில் இருக்கிற சம்பந்தியம்மாவா என்பதுதான் பேச்சு.

சம்பந்தியம்மா என்னிடம் நேராகச் சொல்லவில்லை. என் அண்ணனிடம் சொல்லி அனுப்பினார். அண்ணன் நகரியில் பவர்லூம் போட்டிருக்கிறவர். தறி ஓடுகிற சத்தத்திலேயே வாழ்ந்து, மெதுவாகப் பேசத் தெரியாதவர். அன்றைக்கு மட்டும் குரலை இறக்கிக்கொண்டு பேசினார்.

“அவங்களே போட்டும்மா. கொயந்தை கண்ணத் தொறந்து மொதல்ல பாக்கிற முகம்னு ஒன்னு கீதில்ல. மங்கலமா இருக்கணும்னு நெனைக்கிறாங்க.”

“நான் இன்னா அமங்கலமா, அண்ணா?”

“நான் சொல்வனா அப்படி. ஊரு சொல்லும். நாளைக்கி கொயந்தைக்கி ஒரு காய்ச்சல் தலவலின்னா உன்னத்தான் கைய காட்டுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்லிக்கினு கீறேன்.”

“காய்ச்சல் வந்தா டாக்டர கேக்கட்டும். எங்கிட்ட எதுக்கு கேக்கணும்.”

“உன்கிட்ட பேச முடியாது” என்று எழுந்து போய்விட்டார். போகும்போது வாசலில் நின்று, சம்பந்தியம்மா பிரசவ லேகியமும் பத்தியப் பொடியும் என் கையாலேயே செய்து தரச் சொன்னார் என்றும் சொல்லிவிட்டுப் போனார். என் கைப்பக்குவம் யாருக்கும் வராதாம். போகும்போது எடுத்துப் போவார்களாம்.

அன்று இரவே மகளுக்குப் போன் போட்டு, அந்த ஆஸ்பத்திரி வாசலில் என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். “சின்ன வயசு நர்ஸுங்க இங்கிலீஷ் பேசுவாங்கம்மா. பெரியவங்க சிலர் பேச மாட்டாங்க. ‘சு குவோ’ன்னு கேப்பாங்க. யார்கூடன்னு அர்த்தம். நீ ‘சு துக்ரா’ன்னு சொன்னா போதும்” என்றாள். அப்படித்தான் அந்தச் சொல் எனக்கு வந்தது. சொல்லிக் கொடுக்கும்போதே அவள் குரல் உடைந்தது. “நீதானம்மா வருவ?” என்றாள். வருவேன் என்றேன். எப்படி என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு தினமும் ஒரு குரல் செய்தி அனுப்புவாள். திருப்பதியில் வண்டி நிற்கிற இடைவேளையில் கேட்பேன். டீக்கு அர்பாதா, பாலோடு என்றால் ‘சு பியெனு’. சர்க்கரையோடு என்றால் ‘சு ட்சுக்ருமி’. சர்க்கரை இல்லாமல் என்றால் அதற்கு வேறு சொல், ‘பெ’. ஸ்டாண்டில் டீக்கடைக்காரரிடம் “அர்பாதா, சு பியெனு, பெ ட்சுக்ரௌஸ்” என்று கேட்டுப் பார்த்தேன். அவர் அசரவில்லை. எத்தனையோ தேசத்துக் கூட்டத்துக்கு டீ ஆற்றிய கை. “சுகர் லெஸ்ஸா மேடம்?” என்று மட்டும் கேட்டு ஆற்றிக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பையும் செய்தேன். நாங்கள் ஒரு பேச்சைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிறவர்கள். தெலுங்கில் ‘தோ’ என்று ஒன்று இருக்கிறது. அம்மாவோடு வந்தாலும் ‘தோ’தான், கத்தியால் வெட்டினாலும் ‘தோ’தான். நான் ‘சு’வையும் அந்தக் கணக்கில் போட்டுக்கொண்டேன். கத்திக்கு சு, பேனாவுக்கு சு, பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன் என்பதற்கு ‘சு ஆவுடோபுசு’ என்று பதிவு பண்ணி அனுப்பினேன். உடனே போன் போட்ட மகளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

“பஸ்ஸுக்கு சு வெக்கக் கூடாதும்மா. வெச்சா நீயும் பஸ்ஸும் கைகோத்துக்கினு போன மாதிரி ஆயிடும். வேல செய்யற சாமானுக்கு சொல்லோட வால மட்டும் மாத்துவாங்க. முன்னாடி ஒன்னும் வெக்க மாட்டாங்க. கூட வர்றவங்களுக்குத்தான் சு.”

“அப்ப நான் சொன்னது சரிதான். இத்தினி வருசமா இந்த பஸ்ஸு கூடத்தானே கீறேன். உங்க நைனா போனப்புறம் தெனமும் எங்கூட வர்றது இதுதான்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த டிரைவர், கதையை என்னிடம் விளக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “அயிதே நாகு சு லேதா அக்கா?” என்றார். அப்படியானால் தனக்கு சு கிடையாதா என்று. “ஒயுங்கா பிரேக் புடி தம்பி, உனக்கும் ஒரு சு வெக்கிறேன்” என்றேன். வண்டி முழுக்கச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகும் மகள் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. சாமான் வேறு, கூட வருகிறவர் வேறு. சாமானை வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்துவிடலாம். புத்தூர் வருவதற்குள் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. லேகியம் கிளற நான் வேண்டும், பொடி இடிக்க நான் வேண்டும். கூட நிற்க நான் வேண்டாம். கரண்டியின் இடத்தில் என்னை வைத்துவிட்டு, கைப்பக்குவம் என்று புகழ்ந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊருக்கு நான் கணவர் இல்லாதவள், எப்போதும் ஒரு ‘பெ’. என் மகளுக்கு நான் யார் என்று ஊர் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலையே டிப்போவில் லீவுக்குச் சொல்லி வைத்தேன். லேகியத்துக்கு வாங்கி வைத்திருந்த சுக்கையும் திப்பிலியையும் டப்பாவில் போட்டு மூடினேன்.

சீமந்தம் சித்தூரில், சம்பந்தி வீட்டில் வைத்தார்கள். பெண் கௌனஸில், சடங்கு சித்தூரில். சம்பந்தியம்மா வரலட்சுமி நோன்புக்குக் கலசம் ஜோடிப்பதில் பேர் போனவர். அதே மாதிரி ஒரு பித்தளைக் குடத்துக்குப் பட்டுப் புடவை கட்டி, இரண்டு கரண்டிகளைக் கைகளாகச் செருகி, அம்மனுக்கு முகம் வைக்கிற இடத்தில் போனை நிறுத்தியிருந்தார். போனுக்குள் என் மகள். தலையில் பூ, கழுத்தில் மாலை, எல்லாம் அவளுக்குப் பதில் குடத்துக்கு. ஜோடனை அழகாகத்தான் இருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கூடம் நிறையப் பெண்கள். நான் சமையலறை வாசலோரம் நின்றேன். யாரும் என்னை அங்கே நில் என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிற இடம் அது. சந்தனக் கிண்ணம் ஒவ்வொருவரிடமும் போனது. என் முன்னால் வந்தபோது தட்டைப் பிடித்திருந்த பெண் தட்டை லேசாக உயர்த்திக்கொண்டு தாண்டிப் போனாள். எத்தனையோ வீட்டில் பார்த்த உயரம்தான். பெற்ற மகளின் சீமந்தத்தில் அது சுருக்கென்று தைத்தது.

முதல் சுமங்கலி எழுந்து போய், கரண்டிக் கைகளுக்கு வளையல் போட்டு, சந்தனம் தடவி, நெற்றி என்று நினைத்த இடத்தில் குங்குமம் வைத்தார். போனில் நெற்றி எங்கே இருக்கும்? மேல் விளிம்பில், நடுவில். கேமரா கண் இருப்பதும் சரியாக அங்கேதான். அடுத்து வந்தவர் அதே பொட்டின்மேல் பொட்டு வைத்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. எல்லாரும் நெற்றியைத் தவற விடாமல் பக்தியாக வைத்தார்கள்.

“ஒன்னுமே தெரியல” என்றது குடம். “எல்லாம் செவப்பா கீது. அத்தை? யாரு நிக்கிறீங்க?”

சம்பந்தியம்மா பதறிப்போய் விரலால் துடைத்தார். அவர் விரல் முழுக்கச் சந்தனம். சிவப்பு போய் மஞ்சளாயிற்று. இன்னொருவர் முந்தானையால் துடைக்கப் போய் மொத்தமாகப் பூசிவிட்டார். கூடத்தில் இருந்த எல்லார் கையிலும் சந்தனம், எல்லார் விரலிலும் குங்குமம். மகள் உள்ளேயிருந்து “அம்மா எங்க? அம்மா வரலயா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தத்தோடு இருக்கிறவள். குரலில் பயம் ஏறுவது எனக்குத் தெரிந்தது.

அந்தக் கூடத்திலேயே சுத்தமாக இருந்தது என் கை ஒன்றுதான். அவர்களே அப்படி வைத்திருந்தார்கள். நான் வாசலோரத்தை விட்டு நடந்தேன். “தங்கச்சி” என்று வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை. கூட்டத்தில் வழி வாங்குவது எனக்கு ஒன்றும் புதிதில்லை. டம்ளர் தண்ணீரில் முந்தானை நுனியை நனைத்து, போனின் கண்ணை மெதுவாகத் துடைத்தேன். மகள் முகம் மலர்ந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்தபடியே, தினமும் பாடம் கேட்பாளே, அதேபோல, “சு குவோ?” என்றாள்.

“சு தாவிமி” என்றேன். உன்கூட.

“இன்னா சொன்னீங்க சம்பந்தி?” என்று சம்பந்தியம்மா கேட்டார்.

“எம் பொண்ணுகூடன்னு சொன்னேன்.” சொல்லிவிட்டு, தட்டிலிருந்து பச்சை வளையல் ஒரு ஜோடி எடுத்து, கரண்டிக்கு ஒன்றாகப் போட்டேன். பிறகு சந்தனக் கிண்ணத்தில் நானே விரலை வைத்து, கேமராவை விட்டுவிட்டு, மகளின் கன்னம் தெரிகிற இடத்தில் இரண்டு பக்கமும் தடவினேன்.

“அத்தை, கோச்சுக்காதீங்க” என்று மகள் மாமியாரிடம் சொன்னாள். “அம்மா வரட்டும். கொயந்தை கொஞ்சம் பெருசானதும் நீங்க வாங்க. எனக்கு அம்மாதான் வேணும்.” சம்பந்தியம்மா சந்தனக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அவருக்கும் பேரப்பிள்ளையை முதலில் தூக்குகிற ஆசை இருந்திருக்கும். ஒரே மகனைப் பெற்றவர். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஆசைக்கு என் கழுத்தைச் சாக்காகக் காட்டியதை இன்று வரை மன்னிக்கவில்லை.

சாப்பாடு முடிந்து நான் கிளம்பும்போது தெருமுனை வரை வந்தார். “சரி சம்பந்தி, நீங்களே போங்க. ஒன்னே ஒன்னு. அந்த நேரத்துல மட்டும் கொஞ்சம் வெளிய நின்னுக்கோங்க. கொயந்தை எம் புள்ள முகத்த மொதல்ல பாக்கட்டும். கண்ண மூடிக்கினாவது நிப்பான்” என்றார்.

“வெளிய நிக்கறதுன்னா நான் நகரிலயே நின்னுக்குவேனே. அத்தினி தூரம் பிளைன் ஏறிப் போய் எதுக்கு நிக்கணும்?” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் பஸ் ஏறிவிட்டேன்.

கௌனஸைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெரியாது. குளிர். மூக்கு இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிற குளிர். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகளைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மாப்பிள்ளை கீழே கவுண்டரில் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற வயதான நர்ஸ் என்னை மறித்து என்னவோ நீளமாகக் கேட்டார். அதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்தான், ‘சு’. “சு துக்ரா” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்க்கவில்லை. மேலே போட்டுக்கொள்ள ஒரு நீல அங்கியைக் கொடுத்து, கதவைத் திறந்துவிட்டார். மங்கலமா அமங்கலமா என்று அந்தக் கதவுக்குக் கவலை இல்லை. மகள்கூட வந்திருக்கிறேன் என்றால் உள்ளே போ, அவ்வளவுதான்.

உள்ளே நான் தைரியமாக நின்றேன் என்று சொன்னால் பொய். இடையில் மகளுக்கு அழுத்தம் ஏறி, மிஷின் சத்தம் போட்டு, இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அண்ணன் சொன்னதெல்லாம் தறிச் சத்தத்தோடு என் தலைக்குள் ஓடியது. ஒருவேளை என்னால்தானோ என்று எனக்கே தோன்றியது. எத்தனை வருஷம் டிரைவர் காதில் ரைட் சொல்லி என்ன, அந்த விஷத்தை எனக்குள்ளும் இறக்கித்தான் வைத்திருக்கிறார்கள். மகள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடியைத் தளர்த்தவே இல்லை. சரி, போவதென்றால் இவளே என்னைப் போகச் சொல்லட்டும், வேறு யார் சொல்லியும் நகர மாட்டேன் என்று நின்றேன். மிஷின் சத்தம் நின்றது. விடியும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

லீவு முடிந்து ஊருக்கு வந்ததும் முறைப்படி சித்தூர் போனேன். சம்பந்தியம்மா காபி கொடுத்தார், பேத்தியின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், மூக்கு தன் மகன் மாதிரி என்றார். ஆமாம் என்றேன். அது உண்மைதான். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு, கேட்காமல் விட மனசில்லாமல் கேட்டார்.

“கொயந்தை கண்ணத் தொறந்து மொதல்ல யாரப் பாத்துது?”

“பிரசவம் பாத்த நர்ஸம்மாவ. அவங்கதான் கையில ஏந்திக்கினு இருந்தாங்க. நல்லா உத்து உத்துப் பாத்துது.”

சம்பந்தியம்மாவுக்கு அது நிம்மதியாக இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. காபி டம்ளரை உருட்டிக்கொண்டே கேட்டார்.

“அந்தம்மாவுக்கு வீட்டுக்காரர் கீறாரா?”

“நான் கேக்கல சம்பந்தி” என்றேன். “கொயந்தையும் கேக்கல.”